ஏழு புள்ளி நான்கு மீட்டர்

ஈஜிபுரா, பெங்களூரு

அக்காவுக்கு,

இன்று 2020 அக்டோபர் 11, ஞாயிறு, காலை மணி 9.40. எங்கள் கட்டடத்தில் மொத்தம் பதினெட்டு வீடு. ஆறு வீட்டு வாசலில் கார்ப்பரேஷன்காரன் கொரோனா நோட்டீஸ் ஒட்டியிருக்கிறான். என் வாசலில் இல்லை. ஆகவே நான் நலம். நீயும் அப்பாவும் எப்படி என்று எண்ணாக எழுது. 'ஏதோ இருக்கோம்' என்று எழுதாதே.

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய், அதே கூடத்தில் கட்டிலில் இருக்கிற அப்பா இரண்டையும் கேட்கிறார். அதனால் இனி எதுவானாலும் எழுது என்றாய். சரி. நான் டைப் அடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். நீ கோடு போட்ட நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்பு. போன தடவை பாதிப் பக்கம் உன் கட்டைவிரல்தான் இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் புயல் சீசன். மற்ற வருஷங்களில் கேள்வி ஒன்றுதான்: வீட்டை விட்டுப் போவதா, இருப்பதா. இந்த வருஷம் இரண்டு பக்கமும் அடி. வீட்டில் இருந்தால் தண்ணீர். முகாமுக்குப் போனால் கொரோனா. நீ சத்துணவு சமைக்கிற பள்ளிக்கூடம்தான் முகாம். ஆறு வகுப்பறை, இருநூறு பேர், நாலு கக்கூஸ் என்று நீதான் சொன்னாய். அப்பாவுடையது முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று புகை குடித்த நுரையீரல். அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் இருமினால் போதும்.

என் வேலையே டேட்டா பார்ப்பது. நம் ஊருக்கான உயர வரைபடத்தை இறக்கி, நம் வீட்டுக் கூரை மேல் புள்ளி வைத்துப் பார்த்தேன். கடல் மட்டத்திலிருந்து 7.4 மீட்டர். புயலில் கடல் ஏறினால் இரண்டு, மிஞ்சினால் மூன்று மீட்டர். கான்கிரீட் கூரை வேறு. கணக்கு முடிந்தது. வீட்டை விட்டு நகராதீர்கள். வரைபடத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற ஆக்ஸிமீட்டர் ஒன்று கூரியரில் வரும்.

ராஜேஷ்குமார்


கடலூர், 19.10.2020

தம்பி ராஜேஷுக்கு அக்கா ரஞ்சனி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ கேட்ட மாதிரி எண்ணாகவே எழுதுகிறேன்: அப்பா 94, நான் 98. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதையும் எண்ணாக எழுதலாம்.

உன் ஆக்ஸிமீட்டரை அப்பா கட்டிலில் இருந்தபடியே தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு விரலில் மாட்டிப் பார்த்துவிட்டார். பக்கத்து வீட்டு மெர்சி நகப்பூச்சோடு மாட்டியதில் 86 காட்டியது. "இந்தப் பயணி அடுத்த ஸ்டாப்புல எறங்கிடும்போல" என்றார் அப்பா. அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பள்ளிக்கூடம் மூடித்தான் கிடக்கிறது. வாரத்துக்கு ஒருநாள் பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் அளந்து கொடுக்கிறோம். புயல் வந்தால் முகாமுக்கு நாங்கள்தான் சமைக்க வேண்டும் என்று அமைப்பாளர் சாந்தகுமாரி டீச்சர் சொல்லியிருக்கிறார். நீ போகாதே என்கிறாய். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு சந்தேகம். உனக்குச் சிரிப்பாக இருக்கலாம். நம் கிணற்றில் குனிந்தால் கைக்கு எட்டுகிற ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது. அமாவாசைக்கு உப்பனாறு ஏறினால் கிணறும் ஒரு சாண் ஏறுகிறது. ஏழு மீட்டர் மேட்டில் இருக்கிற ஊரில் அப்படி நடக்குமா? கேட்கத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கட்டைவிரல் இந்தத் தடவை இல்லை, பார்.

ரஞ்சனி


ஈஜிபுரா, 21.10.2020

அக்காவுக்கு,

நலம். இரண்டு வேளை சாப்பிடுகிறேன். ஆக எண் 2.

நிலத்தடி நீர் வேறு, கடல் மட்டம் வேறு. ஒன்றுக்கொன்று முடிச்சுப் போடாதே. நீ கிணற்றைக் கண்ணால் பார்க்கிறாய். இது விண்வெளியிலிருந்து ரேடார் வைத்து அளந்தது. உலகம் முழுக்க என்ஜினியர்கள் இதை வைத்துத்தான் அணை கட்டுகிறார்கள். கிணற்றைப் பார்த்து யாரும் கட்டுவதில்லை.

டீச்சரிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? அப்பாவுக்கு மூச்சுத் தொல்லை, வர முடியாது. ஒரே வரி. இதற்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறாய்?

ராஜேஷ்


கடலூர், 8.11.2020

தம்பிக்கு,

நானும் அப்பாவும் சுகம். அப்பா 94, நான் 98. உனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

பதில் எழுதப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது. எழுத விஷயம் இல்லாமல் இல்லை. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

உன் வரைபடத்தை அப்பா தெரு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். போன வாரம் தாலுகா ஆபீஸிலிருந்து வந்து, புயல் அறிவிப்பு வந்தால் யார் யார் முகாமுக்கு வருகிறீர்கள் என்று பெயர் எழுதினார்கள். நம் தெருவில் பதினான்கு வீடு. அப்பா கட்டிலை வாசலுக்குப் போடச் சொல்லி, அதில் உட்கார்ந்துகொண்டு போனைத் தூக்கிக் காட்டினார். "எம் மவன் பெங்களூர்ல என்ஜினியரு. சாட்டிலைட்ல பாத்து சொல்லிட்டான். ஏழு மீட்டர். ஒருத்தரும் போவத் தேவையில்ல. அங்க போயி சீக்கு வாங்கிக்கினு வரப் போறீங்களா?" வந்தவர், "ஐயா, தானே புயல்ல உங்க தெருவுல முழங்கால் தண்ணி" என்றார். அது மழைத் தண்ணீர் என்று அப்பா அடித்துப் பேசினார்.

பதினோரு வீட்டுக்காரர்கள் பெயர் கொடுக்கவில்லை. மெர்சியும் கொடுக்கவில்லை. அவளுக்கு மாமியார் இருக்கிறாள், ஐந்து மாதக் குழந்தை இருக்கிறது. "ஒந் தம்பி சொன்னா சரியாத்தாங்கா இருக்கும்" என்றாள்.

மறுபடியும் ஒருதரம் பார்த்துச் சொல்கிறாயா? உன்னை நம்பாமல் கேட்கவில்லை.

ரஞ்சனி


ஈஜிபுரா, 9.11.2020

அக்காவுக்கு,

உடம்பு சரியாக இருக்கிறது. கோபம் இல்லை. நேரம்தான் இல்லை.

மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை பதினான்கு வீட்டையும் தனித்தனியாகக் குறித்துவிட்டேன். பச்சை என்றால் இருக்கலாம், சிவப்பு என்றால் போக வேண்டும். தெருக் கடைசியில் ஆற்றோரம் இருக்கிற மூன்று வீடு சிவப்பு. மற்ற பதினொன்றும் பச்சை. பெயர் கொடுக்காத பதினோரு வீடும் அதேதான் என்று நினைக்கிறேன். ஆக ஜனங்கள் சரியாகத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். தெருவுக்குப் பின்னால்தான் எல்லாவற்றையும் விட உயரம், 8.1. பிடிஎஃப் அனுப்பியிருக்கிறேன். அப்பாவிடம் கொடு, குழுவில் போடட்டும். மெர்சி வீடு பச்சை. கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

வீட்டுக்காரர் தாஸ் அங்கிள் எட்டிப் பார்த்தார். கோலார் தங்கவயல் மனிதர், எதையும் நக்கலாகத்தான் கேட்பார். "இன்னாபா, ஊர்ல கீற ஊடுங்களுக்கெல்லாம் இங்கேர்ந்தே கலர் அடிச்சினு கீற?" என்றார். ஊரைக் காப்பாற்றுகிறேன் என்றேன். "வாடகைக்கு மின்னாடி காப்பாத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. படித்தது ஊரில் நாலு பேருக்குப் பயன்படுகிறது.

ராஜேஷ்


கடலூர், 21.11.2020

தம்பிக்கு,

இங்கே சுகம். அப்பா 93.

கடலில் புயல் சின்னம் உருவாகியிருக்கிறது, 25ஆம் தேதி வாக்கில் நம் பக்கம் கரை கடக்கலாம் என்று டிவியில் சொல்கிறார்கள். உனக்குத் தெரிந்திருக்கும். படகுகளை ஏற்றிக் கட்டிவிட்டார்கள்.

மழையில் நனைந்ததில் இரண்டு நாளாகக் கொஞ்சம் அசதி. வேறு ஒன்றும் இல்லை. காலையில் பால் பொங்கித் தீய்ந்து பாத்திரமே கறுத்துவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியவில்லை. அப்பா கட்டிலிலிருந்து கத்தினார். "ஏம்மா, ஊரே நாறுது, உனக்கு மூக்கு இல்லியா?" வயசாகிறது எனக்கும்.

உன் பச்சைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் தெருவுக்குப் பின்னால் 8.1 என்று போட்டு, இருப்பதிலேயே பெரிய மேடு என்று எழுதியிருக்கிறாயே, அது எது? தெருவுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு இருந்தது, உனக்கே தெரியும். தானே புயலில் மரமெல்லாம் விழுந்து, நீ காலேஜுக்குப் போன பிறகு அந்த இடத்தை வெட்டி இறால் குட்டையாக்கிவிட்டார்கள். இப்போது அங்கே நின்றால் ஆளே தெரியாது, அவ்வளவு பள்ளம். பள்ளத்தைப் போய் மேடு என்று ஏன் போட்டிருக்கிறாய்? எனக்குத்தான் படம் பார்க்கத் தெரியவில்லையோ என்னவோ.

சீக்கிரம் பதில் எழுது. மெர்சி வேறு கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ரஞ்சனி


ஈஜிபுரா, 22.11.2020, காலை 7.15

அக்கா,

உனக்குப் படம் பார்க்கத் தெரிகிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

உடனே படி. அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. அந்த ரேடார் அளவு இரண்டாயிரமாம் வருஷம் எடுத்தது. மேலிருந்து வருகிற ரேடார் தரையைத் தொடாது. மரம் இருந்தால் மரத்தின் தலையில் பட்டுத் திரும்பிவிடும். மரத்தின் உச்சியைத்தான் தரை என்று எழுதிவைத்திருக்கிறது. அப்போது அங்கே இருந்தது சவுக்குத் தோப்பு. படம் முப்பது மீட்டர் கட்டம் கட்டமாக அளந்தது, தோப்பை ஒட்டிய நம் தெருக் கட்டங்களிலும் மரத்தின் உயரம் கலந்துவிட்டது. நான் பார்த்த 7.4 மீட்டரில் ஐந்தரை மீட்டருக்கு மேல் சவுக்கு மரம். இன்றைக்கு இல்லாத மரம். அதைக் கழித்தால் நம் வீட்டு வாசல் இரண்டு மீட்டர்கூட இல்லை. ஆற்றோரத்து மூன்று வீடு சிவப்பாக வந்ததற்குக் காரணம் அவை தாழ்வு என்பதல்ல, அந்தப் பக்கம் மரம் இல்லை என்பது.

இது டேட்டா படிக்கிறவனுக்கு முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுப்பது. நான் அந்தத் தோப்பில் கிரிக்கெட் ஆடியவன். தரை சமமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணை நம்பினேன். நீ கிணற்றைப் பற்றிக் கேட்டாய். அணை கட்டுகிற கதை சொன்னேன்.

ஆகவே: பதினான்கு வீடும் போக வேண்டும். நீயும் அப்பாவும் முதலில். கொரோனா வந்தால் அப்பா வயதில் பத்தில் எட்டுப் பேர் பிழைக்கலாம். உப்பனாறு உள்ளே வந்தால் கட்டிலிலிருந்து எழுந்து நிற்க முடியாத மனிதனுக்கு அந்தக் கணக்கே இல்லை. என் படத்தைக் குழுவில் நானே தப்பு என்று போட்டுவிட்டேன். பாதிப் பேர் போனைப் பார்க்கவே மாட்டார்கள். நீ வீடு வீடாகப் போய்ச் சொல். என்னைத் திட்டட்டும். போகட்டும்.

ராஜேஷ்


கடலூர், 23.11.2020, மாலை

தம்பிக்கு,

நீ சாப்பிட்டாயா? குழுவில் உன்னைக் கண்டபடி எழுதியிருக்கிறார்கள். படிக்காதே.

எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். வீடு வீடாகப் போகவில்லை. தெரு நடுவில் நின்று சத்தம் போட்டுச் சொன்னேன். எதிர் வீட்டுக்காரர், "நேத்து வரிக்கும் ஏழு மீட்டரு, இன்னிக்கு ரெண்டா? நாளைக்கு வெல ஏறுமா எறங்குமா?" என்றார். சிலர் சிரித்தார்கள். அப்பா கட்டிலிலிருந்து என்னை உள்ளே வரச் சொன்னார். நீ எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டியபோது, "எம் பேச்சக் கேட்டுத்தான ஒக்காந்தானுங்க" என்றார். பிறகு அவரே போனை எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் பேசினார். மூச்சு வாங்க வாங்கப் பேசினார். "தப்புப் பண்ணிட்டம்பா. எல்லாம் கெளம்புங்க. படியில நிக்காதீங்க, உள்ள போங்க." மூன்று மணி நேரம் ஆயிற்று.

இன்று மத்தியானத்துக்குள் பதின்மூன்று வீடும் கிளம்பிவிட்டன. மெர்சி கடைசியாகப் போனாள். குழந்தையைக் காட்ட வாசலுக்கு வந்தாள், அப்பா தூங்குகிறார் என்று சொல்லி நான் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுச் சாவியையும் ஜன்னல் வழியாகத்தான் அவளிடம் கொடுத்தனுப்பினேன். எனக்குப் பதிலாக அவள் சமைப்பாள். முகாமில் இருநூற்றுப் பதினான்கு பேர் ஆகிவிட்டார்களாம்.

நீ கவலைப்படாதே. உன் வேலையைப் பார்.

ரஞ்சனி


ஈஜிபுரா, 24.11.2020, காலை 8.05

அக்கா,

உன் கடிதத்தை ஏழு தடவை படித்துவிட்டேன். பதின்மூன்று வீடு கிளம்பியது என்று இருக்கிறது. பதினான்காவது வீடு எங்கே என்று இல்லை.

வீடு வீடாகப் போகவில்லை. மெர்சிக்குக் கதவைத் திறக்கவில்லை. சாவியை ஜன்னல் வழியாகக் கொடுத்தாய். சமைக்கப் போகவில்லை. பக்கத்தில் பால் தீய்ந்ததும் உனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அப்பாவுக்கு எண் எழுதினாய். உனக்கு எழுதவில்லை.

வாசனை தெரிகிறதா? ஆமாம், இல்லை என்று மட்டும் எழுது.

போனை எடுக்கவில்லை. நேற்றிலிருந்து பன்னிரண்டு தடவை அடித்துவிட்டேன். எழுதத்தான் வேண்டும் என்பது உன் சட்டம். இந்த ஒரு நாளைக்கு அதைத் தூக்கிப் போடு.

இல்லை என்பதுதான் பதில் என்றால், அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. டீச்சரிடம் உண்மையைச் சொல். ஒரு அறையைத் தனியாகக் கேள். இரண்டு மாஸ்க் போட்டுக்கொள். அப்பாவை நாற்காலியில் வைத்தாவது தூக்கிப் போங்கள். உடனே போ. நீ வீட்டில் இருக்கக் கூடாது. இதைத் தவிர வேறு எதையும் யோசிக்காதே.

ராஜேஷ்


கடலூர், 25.11.2020, காலை 9.30

ராஜேஷ்,

இல்லை. ஆறு நாளாகத் தெரியவில்லை. எனக்கு 95. அப்பாவுக்கு நேற்று காலையிலிருந்து 90, இப்போது 88. என்னிடமிருந்துதான்.

சொல்லியிருக்கலாம். முதல் இரண்டு நாளில் சொன்னால் என்னைக் கொரோனா வார்டுக்குத் தூக்கிப் போவார்கள், கூட யாரையும் விட மாட்டார்கள். அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க, மருந்துப் புகை பிடிக்கவைக்க யார் இருக்கிறார்கள்? மெர்சி வருவாள். வந்தால் அவள் குழந்தைக்கும் போகும். இதையே சுற்றிச் சுற்றி யோசித்தேன். அதற்குள் அவருக்கும் வந்துவிட்டது.

தனி அறை கேள் என்கிறாய். இந்த வருஷம் தள்ளித் தள்ளிப் படுக்கவைக்க வேண்டும் என்று ஆறு அறையும் போதாமல் வராந்தாவிலும் ஆட்கள். மூன்று கைக்குழந்தைகள். ஒரே தண்ணீர்த் தொட்டி. நீ படம் போட்டு அவர்களை உட்காரவைத்தாய். பிறகு நானும் அப்பாவும் கத்தி எழுப்பி அங்கே அனுப்பினோம். இப்போது நானே பின்னால் போய் இதையும் கொண்டுபோய்க் கொடுக்கவா? நீ சொல்.

அப்பாவிடம் கேட்டேன். "வண்டி ஃபுல்லு. அடுத்த வண்டில வரோம்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இருமல் வந்துவிட்டது.

காலை ஆறு மணிக்கு 108க்குப் பேசினேன். வருகிறோம் என்றார்கள். இன்னும் வரவில்லை. மெயின் ரோட்டில் மரம் விழுந்திருக்கலாம். இறால் குட்டையின் கரை தெரியவில்லை, எல்லாம் ஒரே தண்ணீராக இருக்கிறது. கிணறு வழிகிறது. வீட்டுக்குள் இன்னும் வரவில்லை. கட்டில் கால்களுக்குக் கீழே நாலு நாலு செங்கல் வைத்திருக்கிறேன். மாடிப்படி கிடையாது, உனக்குத் தெரியும்.

நீ வராதே. யாரிடமும் சொல்லாதே. போனில் சார்ஜ் 19 இருக்கிறது, கரண்ட் இல்லை. இதை அனுப்பிவிட்டு அணைத்துவைக்கிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை எழுதாமல் விட்டுவிட்டேன் என்று நீ பிறகு நினைக்கக் கூடாது.

ரஞ்சனி


ஈஜிபுரா, 25.11.2020, மதியம் 12.50

அக்கா,

நீ அனுப்பியது காலை 9.52க்கு வந்தது. அதற்குப் பிறகு நான் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக். போனை அணைத்திருக்கிறாய், இல்லையென்றால் டவர் போய்விட்டது. இதுவும் போகாது. இருந்தும் எழுதுகிறேன். எப்போது போனைத் திறக்கிறாயோ அப்போது என்ன நடந்தது என்று வரிசையாகத் தெரிய வேண்டும்.

யாரிடமும் சொல்லாதே என்றாய். எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். 108க்குப் பேசினேன். வண்டி காலையிலேயே வந்து, மெயின் ரோட்டில் விழுந்த புளியமரத்தோடு திரும்பிவிட்டது. மரத்தை அறுத்தால் வருவார்கள். காற்று ஒரு அளவுக்கு மேல் போனால் அறுத்தாலும் வர மாட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்குள் நடந்தால் உண்டு என்றான் போனில் பேசிய பையன். அவனைத் திட்டினேன். தப்பு அவனுடையது இல்லை.

சாந்தகுமாரி டீச்சருக்கு வேறு கம்பெனி லைன், அது கிடைத்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "ரஞ்சனி எனக்குப் பொண்ணு மாதிரிப்பா. ஆனா உள்ள பச்சக் கொழந்தைங்க மூணு இருக்குது. நான் என்னா பண்ணட்டும், நீயே சொல்லு. நீதான படம் போட்டுக் குடுத்த ஆளு" என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே என்னைக் கேட்டார். எதிர்முனையில் இருநூற்றுச் சொச்சம் பேர் சத்தம் கேட்டது, ஒரு குழந்தை அழுதது. மெர்சியின் குழந்தையாக இருக்கலாம். நீ செய்தது சரி என்று அந்தச் சத்தம் கேட்டபோது தெரிந்தது. சரி என்பதற்காக அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

டீச்சர் கடைசியில் சொன்னது: மரம் அறுக்க நாலு ஆளைக் கேட்டுப் பார்க்கிறேன், வருவார்களா என்று சொல்ல முடியாது. யாருக்காக என்று சொல்லித்தான் கேட்க வேண்டும், சொன்னால் பயப்படுவார்கள். சொல்லுங்கள் என்றேன்.

அக்டோபரில் நான் போட்ட கணக்கில் இரண்டு கட்டம் இருந்தது. வீட்டில் இருந்தால் இது, முகாமுக்குப் போனால் அது. இரண்டிலும் உங்களுக்கு என்ன ஆகும் என்றுதான் கணக்குப் போட்டேன். உங்களால் மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்று ஒரு கட்டம் நான் போடவே இல்லை. நீ அதை மட்டும்தான் போட்டிருக்கிறாய்.

பஸ் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். தாஸ் அங்கிளிடம் பைக் கேட்டேன். "புயல் இருக்கச்சொல்லோ எவனாச்சும் அதும் மூஞ்சிக்கு எதுர்ல போவானா? பேமானி" என்றார். உள்ளே போய்ச் சாவியும் அவருடைய ரெயின்கோட்டும் எடுத்து வந்தார். "ஹொசூர் தாண்டனதும் போன் பண்ணு. பண்ணலன்னா வண்டி திருட்டுப் போச்சுன்னு கம்ப்ளெய்ன்ட் குடுப்பேன்" என்றார்.

இனி நான் செய்யப்போவது:

1. ஒரு மணிக்குக் கிளம்புகிறேன். 310 கிலோமீட்டர். மழையில் மணிக்கு 45 என்றால் ஏழு மணி நேரம். இரவு எட்டுக்கு மேல் ஆகும். கரை கடப்பது அதற்குப் பிறகு என்கிறார்கள்.

2. அத்திப்பள்ளி செக்போஸ்டில் இ-பாஸ் கேட்பார்கள். விண்ணப்பம் போட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. உன் கடிதத்தைக் காட்டுவேன். விடாவிட்டால் கெஞ்சுவேன். இதுவரை யாரிடமும் கெஞ்சியதில்லை, எப்படியாவது வந்துவிடும்.

3. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம். ஒவ்வொரு ஊரிலும் 108க்கும் டீச்சருக்கும் பேசுவேன். உனக்கும் அடிப்பேன்.

4. சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் இங்கே கிடைக்கவில்லை. திருவண்ணாமலையில் மூன்று கடை நம்பர் எடுத்து வைத்திருக்கிறேன். இருந்தால் வாங்கி முதுகில் கட்டிக்கொள்வேன்.

5. அதற்குள் ஆம்புலன்ஸ் வந்து உங்களைத் தூக்கிப் போயிருந்தால் எந்த ஆஸ்பத்திரி என்று டீச்சர் சொல்வார். நேராக அங்கே.

6. வராவிட்டால், புளியமரம் வரை வண்டி. மரத்தைத் தாண்டி நடை.

7. தெருவில் தண்ணீர் நின்றால் படத்தைப் பார்க்க மாட்டேன். மேடு எது பள்ளம் எது என்று காலால் தடவிக்கொண்டு வருவேன்.

8. அப்பாவை நான் தூக்குவேன். நீ விளக்கைப் பிடித்தால் போதும்.

9. கதவைத் தட்டும்போது மாஸ்க் தேடிக்கொண்டு நிற்காதே. திற.